பாட்டின் பெயரைப் பார்க்காதீர்கள், பதிவான ஆண்டைப் பாருங்கள்

"நானும் கணவரும் நியூ ஜெர்சியில் நான்கு மாதமாக லிண்டி ஹாப் நடன வகுப்புக்குப் போகிறோம். வகுப்பில் கவுன்ட் பேஸியின் பாட்டைப் போட்டால் கால் தானாகப் போகிறது. வீட்டில் ஆடிப் பார்க்க, 100 ஸ்விங் பாட்டுகள் அடங்கிய மலிவுத் தொகுப்பு ஒன்றை வாங்கினோம். அதே பாட்டுதான், ஆனால் கால் வரவில்லை. எங்கள் பயிற்சி போதாதா? ஆடுவதற்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கேட்பதற்கும் எதை வாங்கலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உங்கள் காலில் குறை இல்லை. நீங்கள் வாங்கியது அதே பாட்டும் இல்லை. அதே பெயர் போட்ட வேறொரு பதிவு, அல்லது அதே பதிவின் உயிர் எடுக்கப்பட்ட நகல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே சந்தேகத்தில் வகுப்பையே விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்விங் என்பது 1930களில் அமெரிக்காவின் பெரிய ஜாஸ் குழுக்கள் ஆடுவதற்கென்று வாசித்த இசை. லிண்டி ஹாப் அதற்கு ஆடும் ஜோடி நடனம். அப்படியொரு குழுவின் தலைவரான பேஸியின் 'ஜம்பின் அட் த உட்சைட்' 1938 ஆகஸ்டில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவானது. அதில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் காதை இழுக்கும். காலை இழுப்பவர்கள் வேறு நால்வர்: பியானோவில் பேஸி, கிதாரில் ஃப்ரெடி கிரீன், 'டபுள் பேஸ்' என்ற பெரிய தந்திக் கருவியில் வால்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ். கிரீன் ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் நான்கு அடிகளையும் ஒன்றுபோல மீட்டிக்கொண்டே போவார். தனியாகக் காதில் விழாது. கச்சேரியில் தம்புரா மாதிரி, இருக்கும்போது கவனிக்க மாட்டோம். நின்றால் உடனே தெரியும். ஜோ ஜோன்ஸ் தாளத்தைப் பெரிய டிரம்மிலிருந்து எடுத்து, காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டுக்குக் கொண்டுபோனார். அந்த மெல்லிய 'டிஸ்... டிஸ்-க டிஸ்' ஒலியில்தான் உங்கள் கால் மிதக்கிறது.

தொகுப்பு போடுகிறவர்கள் இந்த நால்வரையும் இரண்டு வழியில் தொலைக்கிறார்கள். ஒன்று, பல ஆண்டு கழித்து வேறு யாரையோ வைத்து அதே மெட்டை வாசிக்கச் செய்து, அட்டையில் பேஸியின் பெயரைப் பெரிதாகப் போடுவது. இரண்டாவது, பழைய பதிவையே எடுத்து, இரைச்சலை நீக்குகிறோம் என்று கணினியில் வடிகட்டுவது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்து இசைத்தட்டின் சரசரப்பும் ஹை-ஹாட்டின் ஒலியும் ஒன்றோடொன்று கலந்தே கிடப்பவை. பதரைப் புடைக்கிறேன் என்று அரிசியையும் முறத்திலிருந்து தள்ளிவிடுகிறார்கள். மிஞ்சுவது போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோன்ற சத்தம். சரசரப்புக்குப் பயப்படாதீர்கள், ஒரு நிமிடத்தில் காது அதை மறந்துவிடும்.

ஆகவே, பதிவான ஆண்டும் வாசித்தவர்களின் பெயர்களும் அச்சிடப்படாத எதையும் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. பழைய பதிவைச் சீர்செய்து வெளியிட்டதாகச் சொல்லும் 'ரீமாஸ்டர்' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். 1930களின் பாட்டுக்கு 'ஸ்டீரியோ' என்று போட்டிருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1957, 58 வாக்கில். 1930களின் பாட்டில் ஸ்டீரியோ என்றால் பிற்கால மறுபதிவாக இருக்கும், இல்லாவிட்டால் ஒற்றை ஒலியை இரண்டாகப் பிரித்து எதிரொலி கலந்த போலியாக இருக்கும்.

பழைய எல்பி, அதாவது ஒரு பக்கத்தில் பல பாட்டுகள் ஓடும் வினைல் தட்டு, விற்கும் இடைத்தரகர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கண்காட்சியில், 1938-ஆம் ஆண்டுப் பாட்டுகளின் 'முதல் அச்சு' என்று சத்தியம் செய்தவரிடம் 45 டாலர் கொடுத்து ஒரு தட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அட்டையின் பின்பக்கத்தை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், கீழ் ஓரத்தில் எறும்பு எழுத்தில் 'எலெக்ட்ரானிக்கலி ரீசானல்டு' என்று இருந்தது. பிற்காலத்தில் ஸ்டீரியோவாகத் திரித்த மறு அச்சு. ஊசியை வைத்தேன், ஹை-ஹாட் குளியலறைக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எல்பி என்ற பொருளே 1948-இல்தான் வந்தது. 1938-இன் பாட்டு எல்பியில் இருந்தால் அது முதல் அச்சாக இருக்க வழியே இல்லை. அப்படிச் சொல்லி யார் விற்றாலும் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

இணையத்தில் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், ஆனால் அங்கே 1937-இன் பாட்டுக்குப் பக்கத்தில் 2009 என்று இருக்கும். அது தொகுப்பு வெளியான ஆண்டு. அசலையும் நகலையும் பிரித்துக் காட்டும் ஒரே அடையாளத்தை இப்படி அழித்துவைத்திருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. சட்டமோ அதைவிட மோசம். 1937-இல் வெளியான ஒலிப்பதிவுக்கு அமெரிக்காவில் 2037 முடியும்வரை உரிமைக் காப்பு உண்டு. முழுதாக நூறு ஆண்டு. பேஸி டெக்காவோடு போட்ட ஒப்பந்தத்தில் அவருக்கு ராயல்டியே கிடையாது. 24 பாட்டுகளுக்கு 750 டாலர், அவ்வளவுதான். வாசித்தவருக்குப் போய்ச்சேராத காசுக்கு ஒரு நூற்றாண்டுக் காவல் போட்டவர்கள், பதிவான தேதியை அச்சிடவேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

இனி வாங்கவேண்டியது. பொதுவாக 1934 முதல் 1942 வரை பதிவானவற்றுக்குள் நில்லுங்கள். 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் இரண்டில் 1944 நவம்பர்வரை அது நீடித்தது. அது முடிந்தபோது பெரிய இசைக்குழுக்களின் காலமும் தளர்ந்துவிட்டது.

இந்த எல்லைக்கு ஒரே ஒரு விலக்கு தருகிறேன், அதை அழுத்தியே சொல்லவேண்டும். பேஸியின் 1950களின் குழு. 1956 தொடக்கத்தில் பதிவான 'ஷைனி ஸ்டாக்கிங்ஸ்' உங்களைப் போன்ற புதியவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். எழுதியவர் அக்குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஃபிராங்க் ஃபாஸ்டர். ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் ஆடி வளர்ந்த லிண்டி ஹாப் கலைஞர் ஃபிராங்கி மானிங் கடைசிவரை விரும்பிய பாட்டு அது. பேஸியின் பியானோ சில துளிகள் சிந்த, குழு அடங்கின குரலில் மெட்டைத் தொடங்கும். பாட்டு போகப்போக ஒலி படிப்படியாக ஏறி, கடைசியில் டிரம்பெட்டுகள் கூரையைத் தொடும். ஆனால் காலப்பிரமாணம் அசையாது. அதுதான் விஷயம்: சத்தம் ஏறும்போது வேகமும் ஏறிவிட்டதாக நினைத்துப் புதியவர்கள் ஓடத் தொடங்குவார்கள். ஓடாதீர்கள், கிரீனின் கிதாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆம், 18 ஆண்டு கழித்தும் அதே நாற்காலியில் அதே ஃப்ரெடி கிரீன். இந்தக் குழுவுக்கு மட்டும் நான் விலக்கு தருவது அதனால்தான். இதுவும் மோனோ, அதாவது ஒற்றை ஒலிப் பதிவே. ஸ்டீரியோ என்று எழுதிய அச்சை இங்கும் தவிருங்கள்.

வேகத்தை அளக்க, 15 விநாடிக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுங்கள். முப்பதிலிருந்து நாற்பதுவரை உங்களுக்கு ஏற்றது. 'உட்சைட்' ஐம்பத்தைந்தைத் தாண்டும். அதை இந்த ஆண்டு உட்கார்ந்தே கேளுங்கள். ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் குழு 1939 ஜனவரியில் பதிவு செய்த 'டெய்ன்ட் வாட் யூ டூ' நாற்பதை ஒட்டி வரும். ஷிம் ஷாம் என்ற வரிசை நடனத்துக்கு இதைத்தான் உலகெங்கும் போடுகிறார்கள். உங்கள் வகுப்பிலும் போடுவார்கள். சவாய் அரங்கின் சொந்தக் குழுவாக இருந்த சிக் வெப்பின் 1934-ஆம் ஆண்டு 'ஸ்டாம்பின் அட் த சவாய்' கால் பழகிய பிறகு.

ஞாயிற்றுக்கிழமைக்கு, டியூக் எலிங்டன் இசைக்குழுவின் 1940–41 பதிவுகள். ஜிம்மி பிளான்டன் பேஸ் வாசித்த குழு. சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் 'பாடி அண்ட் சோல்', 1939 அக்டோபர். மெட்டைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, பிறகு மூன்று நிமிடம் முடியும்வரை அதன் பக்கமே திரும்பாமல் வாசிப்பார். 1937-இல் பில்லி ஹாலிடே பாட, லெஸ்டர் யங் பக்கத்தில் சாக்ஸபோன் வாசித்தவை. இவற்றுக்கு நடுவே எழுந்து ஆட முயலவேண்டாம்.

பேஸிக்கு, 1937–39 டெக்கா பதிவுகள் முழுவதும் அடங்கிய மூன்று சிடி தொகுப்பை பழைய சிடி விற்கும் இடங்களில் தேடுங்கள். தேதியும் பெயர்களும் அதில் இருக்கும். கையிலுள்ள 100 பாட்டுத் தொகுப்பைத் திருப்பித்தர நாள் மிச்சமிருந்தால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். காரணம் கேட்கும் இடத்தில், பதிவான ஆண்டு அச்சிடப்படவில்லை என்று எழுதுங்கள்.