உல்லன் பொம்மையும் ஜெபமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழின் கைவேலைப் பகுதியில், உல்லன் நூலால் மேய்ப்பன் பொம்மை செய்யும் முறையை எழுதியிருந்தேன். 20 சென்டிமீட்டர் உயரமுள்ள அட்டையில் நூலைத் தொண்ணூறு சுற்றுச் சுற்றி, மேல்முனையைக் கட்டி, கீழ்முனையை வெட்டி, தலைக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாக முடிச்சிடும் எளிய முறை அது. கைகளுக்காகச் சிறிய அட்டையில் முப்பது சுற்றுச் சுற்றிய கற்றையைத் தலைக்குக் கீழே நுழைத்துவிட்டால் பொம்மை உருவாகிவிடும். ஒரு பொம்மைக்கு ஏறக்குறைய 50 மீட்டர் நூல் செல்லும். அதைப் படித்துச் செய்துபார்த்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஆறினை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் செய்த பொம்மைகளின் தலை இரண்டு வாரத்துக்குள் தளர்ந்து ஆடத் தொடங்குகிறது. கை சிவக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டியும் பயனில்லை. என்ன தவறு செய்கிறேன்?
— மார்த்தாண்டம் வாசகி

உங்கள் கையில் தவறில்லை, சகோதரி. கட்டுகிற நூலில்தான் தவறு இருக்கிறது. பொம்மைக்கு எடுத்த அதே உல்லன் நூலில் ஒரு துண்டை வெட்டிக் கழுத்தைக் கட்டியிருப்பீர்கள். உல்லன் நூல் இழுத்தால் நீளும் இயல்புடையது. நீங்கள் இறுக்கும்போது அது நீண்டு கொடுக்கிறது, ஆகையால் முடிச்சு இறுகிவிட்டதாகக் கை நம்புகிறது. சில நாள் கழித்து உள்ளே இருக்கும் இழைகள் அமுங்கிப்போக, கட்டு தளர்ந்துவிடுகிறது. கழுத்தையும் இடுப்பையும் நல்ல முறுக்குள்ள பருத்தி நூலால் கட்டுங்கள். முதல் முடிச்சில் நூலை ஒருமுறைக்குப் பதிலாக இருமுறை உள்ளே சுற்றி இழுத்தால், இரண்டாம் முடிச்சைப் போடும்வரை முதல் முடிச்சு நழுவாமல் நிற்கும். தலைக்குள் எலுமிச்சை அளவு பஞ்சு உருண்டை ஒன்றை வைத்து, இழைகளை அதன்மேல் சீராகப் பரப்பிவிட்டுப் பிறகு கட்டினால், கழுத்துக் கட்டுக்கு மேலே ஒரு பிடிமானம் கிடைக்கும். தலையும் உருண்டையாக நிற்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். என் பெரியம்மா செய்து வைத்திருந்த ஒரு பொம்மை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு என் கைக்கு வந்தது. நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. பாவாடை இழைகள் பாதி உதிர்ந்திருந்தன. ஆனால் தலை மட்டும் இம்மியும் அசையவில்லை. காரணம் அறிய, கழுத்தைச் சுற்றியிருந்த சிவப்பு ரிப்பனை மெல்ல விலக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் பருத்தி நூல் ஒன்பது சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், பக்கத்தில் பக்கமாக அடுக்கப்பட்டிருந்தது. முடிச்சின் நுனிகள் இரண்டும் ஊசியால் உள்ளே இழுத்து மறைக்கப்பட்டிருந்தன. ரிப்பனுக்குக் கீழே இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை என்று பெரியம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அப்படிச் சுற்றினார். விசுவாசத்தோடு செய்யும் கைவேலை எது என்று என்னிடம் யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒன்பது சுற்றுதான்.

கடந்த கிறிஸ்துமஸுக்கு உல்லன் நூலால் குடில் பொம்மைகள் செய்து வீட்டில் வைத்தேன். எங்கள் உறவினர் ஒருவர், "இது விக்கிரகம், பத்துக் கட்டளைக்கு விரோதமானது" என்று கடிந்துகொண்டார். அன்றிலிருந்து ஊசியைத் தொடவே மனம் கூசுகிறது. இது உண்மையில் பாவமா?
— தூத்துக்குடி வாசகி

உங்கள் மனக்கூச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கர்த்தருக்குப் பயப்படும் மனத்திலிருந்து வருவது. ஆனாலும் அந்தக் கட்டளையை முழுமையாக வாசிப்போம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் 4ஆம் வசனம் சொரூபத்தை உண்டாக்க வேண்டாம் என்கிறது; அடுத்த வசனம் அவற்றை நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம் என்கிறது. இவ்விரண்டு வசனங்களும் ஒன்றாகவே நிற்கின்றன. அதே புத்தகத்தின் 26ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரின் வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளில், கேருபீன்கள் என்னும் வானதூதர்களின் உருவங்களை நூல்வேலையாகவே அமைக்கும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். உருவம் என்பதே பாவமானால், அந்தத் திரைகளுக்கு அங்கே இடமிருந்திருக்காது.

இதைவிடத் தெளிவான சான்று வெண்கலச் சர்ப்பத்தின் வரலாறு. எண்ணாகமம் 21ஆம் அதிகாரத்தில் அதை மோசே செய்தது கர்த்தரின் சொற்படியே. ஆனால் பல தலைமுறைகளுக்குப் பிறகு மக்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் என்று இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. இத்தனைக்கும் அந்தச் சர்ப்பம் மாறவில்லை. அதனிடம் மனிதர் நடந்துகொண்ட முறையே மாறியிருந்தது. உங்கள் வீட்டுக் குடிலின் முன் யாரும் விழுந்து வணங்கவில்லை, அந்தப் பொம்மையிடம் யாரும் வேண்டுதல் வைக்கவில்லை என்றால், அது பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஒரு துணைப்பொருள் மட்டுமே. பிரான்சிஸ் அசிசியார் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் வைக்கோல் நிறைந்த முன்னணையையும், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு கிறிஸ்து பிறப்பை எளிய மக்களின் கண்முன் நிறுத்தியதும், அவர்கள் அந்த ஏழ்மையை நேரில் கண்டுணர வேண்டும் என்பதற்காகவே.

உறவினரோடு வாதாட வேண்டாம். அவர் வரும் நாளில் பொம்மைகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவது அன்புக்குரிய செயலே தவிர, தோல்வி அல்ல. அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களிடம் முகமே வரையாத துணிப்பொம்மைகளைச் செய்யும் மரபு உண்டு. கண், மூக்கு, வாய் வைப்பது உங்கள் மனத்தை இன்னும் உறுத்துமானால், நீங்களும் முகத்தை வெறுமையாக விட்டுவிடலாம். நூல் பொம்மைக்கு அது குறையாகவும் தெரியாது. குடிலில் முதலில் குழந்தை இயேசுவைச் செய்யுங்கள். லூக்கா எழுதியபடி அவர் துணிகளில் சுற்றப்பட்டுக் கிடத்தப்பட்டவர். ஆகையால் அந்தப் பொம்மைக்குக் கையும் காலும் கூடத் தேவையில்லை. ஒரு சிறு கற்றை, ஒரு முடிச்சு, ஒரு வெள்ளைத் துணித்துண்டு போதும்.

மெழுகுவர்த்தியை மட்டும் அருகில் வைக்காதீர்கள். கடைகளில் உல்லன் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக் நூலே. தீப்பட்டால் அது உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு பொம்மையோடும் வசன அட்டை கட்டித்தான் கொடுக்க வேண்டுமா? வசனம் இல்லாவிட்டால் அது வெறும் பொம்மைதானே?
— வேலூர் வாசகி

கட்டிக் கொடுப்பது நல்லது, கட்டாயம் இல்லை. வேறு மதத்தைச் சேர்ந்த அண்டை வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொடுக்கும்போது, அட்டை இல்லாமல் அன்பை மட்டும் கொடுக்கிற விவேகமும் வேண்டும். யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பற்றி அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம் சொல்வதைக் கவனியுங்கள். அவர் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டியவை, தொற்காள் செய்துகொடுத்த அங்கிகளும் வஸ்திரங்களுமே. அந்தத் தையலே அவருடைய சாட்சியாக இருந்தது.

வசனத்தைப் பொம்மையில் கட்டுவதைவிட, வேலை செய்யும் நேரத்தில் மனத்தில் வைத்திருப்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். எனக்கு அதற்கு உதவுவது 139ஆம் சங்கீதம். தாயின் கர்ப்பத்தில் தான் உருவானதைப் பற்றித் தாவீது பாடும் அந்தப் பகுதியில், தமிழ் வேதாகமம் "விசித்திர விநோதமாய்" என்று தருகிற இடத்தில், எபிரெய மூலத்தில் இருப்பது சித்திரத் தையலைக் குறிக்கும் சொல். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசல் திரையில் பல வண்ண நூல்களால் செய்யப்பட்ட வேலைக்கும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது. நம்மை உருவாக்கியவரைப் பற்றிப் பேச, சங்கீதக்காரருக்கு ஊசிநூல் வேலைக்காரரின் சொல்லே கிடைத்தது என்பதை அறிந்த நாளிலிருந்து, அட்டையில் நூல் சுற்றுவது எனக்குச் சலிப்பூட்டியதில்லை. தொண்ணூறு சுற்றையும் எண்ண வேண்டியிருப்பதால் நீண்ட ஜெபம் சொல்ல இயலாது. ஆகையால் பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, பொம்மையைப் பெறப்போகும் பிள்ளைக்காக ஒரே ஒரு வரி வேண்டிக்கொள்கிறேன். பெயர் தெரியாத பிள்ளையானால், "நீர் அறிவீர்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்தைத் தொடங்குகிறேன்.

முகத்துக்கு எந்த நிற நூலை எடுப்பது? கடையில் எல்லோரும் இளஞ்சிவப்பைத்தான் தருகிறார்கள்.
— சென்னை வாசகி

பழுப்பைக் கேட்டு வாங்குங்கள். மேற்காசியாவின் யூதக் குடும்பத்தில் பிறந்த இயேசுவை இளஞ்சிவப்பு நிறத்தில் செய்வதற்கு ஒரு காரணமும் இல்லை. உங்கள் பொம்மையைக் கையில் வாங்கும் கறுத்த பெண்பிள்ளை, தன் முழங்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரிக்கட்டும்.

எங்கள் ஊர் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் பொம்மைகள் செய்து கொடுக்க விரும்புகிறோம். அறுப்பின் பண்டிகையில் சிலவற்றை விற்று நூல் செலவை ஈடுகட்டவும் எண்ணம். கவனிக்க வேண்டியவை எவை? என்ன விலை வைப்பது?
— நாகர்கோவில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார்

முதலில் பிரிவின் தலைமைச் செவிலியரைச் சந்தித்து, அவர்கள் எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். மிச்ச நூலில் அல்லாமல் புதிய நூலில் செய்து, துவைத்து உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மையில் பொத்தான், மணி எதுவும் கூடாது. பிள்ளை அதைப் பிய்த்து வாயில் போட்டால் மூச்சுக்குழல் அடைபடும். கண்களை நூலாலேயே தைத்துவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு நான் சென்ற இதழில் எழுதிய முறையே வேண்டாம். வெட்டிவிட்ட இழை உதிர்ந்து, குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபடும். அவர்களுக்குக் குரோஷா ஊசியால் நெருக்கமாகப் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த பொம்மையே தகும்.

விலையைப் பொறுத்தவரை, ஆலயத்துக்காக என்பதால் நூலின் விலையை மட்டும் போட்டு விற்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. நூலுக்கு 40 ரூபாய், ஒன்றரை மணி நேர வேலைக்கு 120 ரூபாய் என்று கணக்கிட்டால், 160 ரூபாய் என்று எழுதி ஒட்டுங்கள். அந்த 120 ரூபாயைக் காணிக்கையாகக் கொடுப்பதும், வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் செய்தவரின் விருப்பமாக இருக்கட்டும். உங்கள் ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. 1819ஆம் ஆண்டு இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார், பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். திண்டு போன்ற தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. அவருடைய மகள் எலைசா, 1844ஆம் ஆண்டு கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, அந்த வேலையும் அங்கே சென்றது. படிப்பும் சொந்த வருமானமும் எட்டாக் கனியாக இருந்த பெண்களின் கையில் அந்த நூல் காசைக் கொண்டுவந்து கொடுத்தது. அந்த மரபில் வந்த நீங்கள், உங்கள் கையின் உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாமா?

எனக்கு 71 வயது. விரல் மூட்டுகளில் வாதம். சுற்றுவது முடிகிறது, முடிச்சை இறுக்க முடியவில்லை. பேத்திக்கு ஒரு பொம்மை செய்ய மூன்று நாள் ஆயிற்று. இதோடு நிறுத்திவிடலாமா என்று நினைக்கிறேன்.
— பாளையங்கோட்டை வாசகி

நிறுத்த வேண்டாம், அம்மா. பருமனான நூலை எடுங்கள். சுற்றுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். அட்டையைக் கையில் பிடிக்காமல், கனமான இரண்டு புத்தகங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டால் ஒரு கைக்கு ஓய்வு கிடைக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, வெதுவெதுப்பான நீரில் விரல்களை வைத்திருந்துவிட்டுத் தொடருங்கள். வலி கூடினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

முடிச்சுக்கும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில், உங்கள் ஊரிலிருந்தே ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியையும் எழுதியிருந்தார். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு இந்தப் பொம்மையைக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறார். ஆனால் பிள்ளைகள் நூல் சுற்றி முடிப்பதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிடுகிறது என்றும், முடிச்சுப் போட மட்டுமே அவர்களுக்குப் பொறுமை இருக்கிறது என்றும் வருந்துகிறார். அவருக்கு வேண்டியது 10 சென்டிமீட்டர் அட்டையில் நாற்பது சுற்றும், கைகளுக்குச் சிறிய அட்டையில் பதினைந்து சுற்றும். ஒரு பிள்ளைக்கு 11 மீட்டர் என்று வைத்தால், எல்லாருக்குமாக ஏறக்குறைய 440 மீட்டர் நூல் ஆகும். நூலை அவரே வாங்கித் தருவதாக எழுதியிருக்கிறார். நாளுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு உரியதைச் சுற்றினால் இருபது நாளில் முடிந்துவிடும். உங்களுக்குச் சம்மதமானால் ஒரு அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள். அவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிறுக்குள் அட்டைகள் தயாராக வேண்டும்.