வீடு கைமாறினால் என் அட்வான்ஸ் யாரிடம்?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறோம். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். 11 மாத ஒப்பந்தம் ஏப்ரல் வரை இருக்கிறது. வீட்டு ஓனர் இப்போது வீட்டை விற்கிறார். ஒரு மாதத்தில் காலி செய்யுங்கள் என்கிறார் புரோக்கர். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: பதற்றப்படாதீர்கள் அம்மா. வீட்டை விற்பதாலேயே உங்கள் வாடகை ஒப்பந்தம் செத்துவிடாது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-வது பிரிவுப்படி, வாங்குபவர் பழைய ஓனரின் இடத்துக்கு வருகிறார். வாடகை வாங்கும் உரிமையோடு ஒப்பந்தத்தின் பொறுப்புகளும் அவருக்கு வந்து சேரும். அவருக்கே குடியிருக்க வீடு தேவை என்றால், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். புரோக்கரின் வாய்ச்சொல் போதாது.

ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் பற்றிய வரியைப் படியுங்கள். 'இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம்' என்று இருந்தால், புது ஓனரும் அதைக் காட்டிப் பேசுவார்.

எனக்குக் கவலை உங்கள் ஒன்றரை லட்சம்தான். என்னிடம் வந்த ஒரு குடும்பம் காலி செய்தபோது, "அட்வான்ஸைப் புதியவரிடம் கொடுத்துவிட்டேன்" என்றார் பழைய ஓனர். "என் கைக்கு வரவே இல்லை" என்றார் புதியவர். இடையில் எழுத்து எதுவும் இல்லை. ஐந்து மாதம் அலைந்தார்கள். அதனால் பத்திரப்பதிவு நாளுக்கு முன்பே மூன்று பேரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அட்வான்ஸ் தொகை, விலையில் அது கழிக்கப்பட்டது, காலி செய்யும்போது திருப்பித் தரப்போவது யார் என மூன்றும் அதில் இருக்கட்டும். பதிவு முடிந்து பணம் கைமாறிய பிறகு, பழைய ஓனர் போனை எடுப்பதே அபூர்வம். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் அவசியம்.

விற்பனை பற்றித் தெரியவரும் வரை பழைய ஓனருக்கு நல்லெண்ணத்தோடு கட்டிய வாடகையைப் புதியவர் மறுபடி கேட்க முடியாது. தெரிந்த பிறகு, பத்திர நகலைப் பார்த்துவிட்டுப் புதியவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வீட்டு வாடகைப் படிக்கு நீங்கள் வரிச்சலுகை கேட்பவர் என்றால் புது ஓனருடைய பான் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வாடகை வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அது தேவைப்படும்.

சரி, போய்விடலாம் என்று உங்களுக்கே தோன்றினால், சும்மா போகாதீர்கள். காலி வீட்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறார்கள். சாவி கொடுக்கும் அன்றே முழு அட்வான்ஸ், பெயிண்டிங் பிடித்தம் கிடையாது, லாரி வாடகையும் புது வீட்டுக்கான புரோக்கர் கமிஷனும் ஓனர் பொறுப்பு என்று கேளுங்கள். பையனின் பொதுத்தேர்வு முடியும் தேதியைச் சொல்லி, அதற்கு முன் முடியாது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.