பிஎச்.டி. நுழைவுத் தேர்வு ஆங்கிலம்: சாயாமாவிடம் கேளுங்கள்
(சாயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் பர்மிய ஊர்.)

ரங்கூன், எம்.எஸ்சி. வேதியியல்: சாயாமா, வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதப் போகிறேன். 3,000 சொல் பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறது.

பட்டியலை மூடி வை அம்மா. எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளையெல்லாம் 2011லேயே அந்தத் தேர்வில் எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பவும், பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளவும்தான் கேட்கிறார்கள். ஆவரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்துப் பேராசிரியர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்'டில் 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்). எல்லாத் துறைப் பாடநூல்களிலும் திரும்பத் திரும்ப வருபவை. அதிலிருந்து ஆரம்பி. ஒவ்வொரு சொல்லுக்கும் உன் வேதியியல் புத்தகத்திலிருந்தே ஒரு வாக்கியம் எடுத்து எழுது. நீ ஏற்கெனவே அறிந்த விஷயத்தோடு ஒட்டிக்கொண்ட சொல் அவ்வளவு சீக்கிரம் போகாது.

மோல்மேன்: சொல்லெல்லாம் தெரிகிறது, ஆனால் நீளமான வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது தலையும் வாலும் புரியவில்லை.

என்னிடம் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் சறுக்கினார்கள். காரணம் இதுதான். நம் தமிழிலும் பர்மிய மொழியிலும் வினை கடைசியில் வரும். விளக்கம் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் இரண்டும் தலைகீழ். 'நிலத்தை இழந்த விவசாயிகள் நகரத்துக்குப் போனார்கள்' என்கிறோம். ஆங்கிலத்தில் முதலில் 'ஃபார்மர்ஸ்', அதன் பிறகு 'ஹூ லாஸ்ட் தேர் லேண்ட்', அப்புறம்தான் 'மூவ்ட்'. நீ இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தால் 'விவசாயிகள் யார் இழந்தார்கள்' என்று சிக்கிக்கொள்வாய்.

பென்சிலை எடு. முதன்மை வினைக்கு அடியில் கோடு போடு. அது யாருடைய வினை என்று பார்த்து எழுவாயை வட்டமிடு. நடுவில் வரும் 'ஹூ', 'விச்', 'தட்' பகுதியை அடைப்புக்குள் போடு. இப்போது அடைப்பை முதலில் பெயர்த்து, பெயரைச் சேர்த்து, வினையில் முடி. பத்து நாள் செய்து பார், பிறகு பென்சில் இல்லாமலே கண்ணுக்குக் கோடு தெரியும்.

தட்டோன்: 'டேட்டா சஜெஸ்ட்' என்பதை 'தரவுகள் பரிந்துரைக்கின்றன' என்று எழுதினேன். தவறா?

தவறுதான் தம்பி. மனிதர் 'சஜெஸ்ட்' செய்தால் யோசனை சொல்கிறார். தரவு யோசனை சொல்லாது. 'தரவுகள் உணர்த்துகின்றன' என்று எழுது. உறுதியாக நிரூபித்துவிட்டதாகச் சொல்ல ஆய்வாளர் விரும்பவில்லை, அதனால்தான் 'ப்ரூவ்' போடாமல் இதைப் போடுகிறார். அந்தத் தயக்கம் உன் மொழிபெயர்ப்பிலும் தெரிய வேண்டும். 'சிக்னிஃபிகன்ட்' என்பதும் அப்படித்தான்: புள்ளியியல் பத்தியில் வந்தால் 'முக்கியமான' என்று எழுதாதே, அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதைத்தான் சொல்கிறது.

பீகு: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இப்போதே எழுதிவிடலாமா?

மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். விண்ணப்பிக்கும் தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அதன் 'ரைட்டிங்' பகுதியில் 250 சொல் கட்டுரைக்கு 150 சொல் கேள்வியைவிட இரட்டிப்பு மதிப்பு, நேரத்தை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன்: பர்மியப் பள்ளியில் படித்தவன் நான். தமிழ் வீட்டில் பேசுவேன், எழுத வராது. கடையில் வேலை, ராத்திரிதான் நேரம். எனக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி முடியுமா?

தாராளமாக முடியும் கண்ணு. பர்மிய மொழியிலேயே எழுது, வாக்கிய அமைப்பு ஒன்றுதானே. ராத்திரி இருபது நிமிஷம் போதும். உன் துறைக் கட்டுரையில் மூன்று வாக்கியத்தைப் பர்மிய மொழிக்கு மாற்று. மறுநாள் ஆங்கிலத்தை மறைத்துவிட்டு, நீ எழுதியதைப் பார்த்துத் திரும்ப ஆங்கிலமாக்கு. பிறகு மூலத்தோடு வைத்துப் பார். 'ஆய்வுகள்' என்ற நினைப்பில் 'ரிசர்ச்சஸ்' என்று எழுதியிருப்பாய், மூலத்தில் 'ஸ்டடீஸ்' இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சிவப்பு மையில் குறித்து வை. அப்படிச் சேரும் நோட்டைத்தான் தேர்வுக்கு முந்தைய வாரம் நீ படிக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அதே வாக்கியத்தை வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார். அவருக்குப் புரிந்தால் உனக்கும் புரிந்திருக்கிறது.