வாசகர் கேள்வி: இருண்ட நாட்களில் இசை

கேள்வி: வாழ்க்கையின் மிக இருண்ட நாட்களில் இசை உண்மையிலேயே கைகொடுக்குமா, அல்லது அது பாட்டுப் பிரியர்கள் கட்டிவிட்ட கதையா? (வாசகி ஒருவர், ஈரோடு)

பதில்: கைகொடுக்கும், ஆனால் வயிற்றை நிரப்பாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகளின் முற்றுகையில் 872 நாட்கள் சிக்கியிருந்த சோவியத் நகரான லெனின்கிராட்டில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), 1941 குளிர்காலத்தில் பெரும்பாலான குடிமக்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி மட்டுமே, அதிலும் கலப்படம். அந்தப் பட்டினியில் எஞ்சிய வானொலி இசைக்குழுவைக் கொண்டு சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை அரங்கேற்ற அதன் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க் முனைந்தபோது, ஊதுகருவிக் கலைஞர்களுக்கு மூச்சே போதவில்லை. தொடக்க ஒத்திகைகளைச் சீக்கிரமே முடிக்க வேண்டியதாயிற்று. பிறகு படைப்பிரிவுகளிலிருந்து வாத்தியக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். கூடுதல் உணவும் தரப்பட்டது (இசைக்கும் முதலில் சோறுதான் தேவைப்பட்டது). 1942 ஆகஸ்ட் 9 அன்று எதிரியின் பீரங்கிகளைச் சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே தாக்கி அடக்கிவைக்க, கச்சேரியை ஒலிபெருக்கிகள் வழியே நகரமே கேட்டது. முற்றுகை முழுதாக நீங்க 1944 ஜனவரி ஆயிற்று என்பதால், இசைதான் அந்நகரை மீட்டது என்பது மிகை. குண்டுக்கும் பசிக்கும் நடுவில் மனிதர்களாகவே இருக்கிறோம் என்ற தெம்பை அது கொடுத்தது என்றால் நான் மறுக்க மாட்டேன். தீராத மனச்சோர்வில் இருப்பவரை மட்டும், பாட்டுக் கேட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி மருத்துவரிடம் போகவிடாமல் நிறுத்திவிடாதீர்கள்.