காயத்திலிருந்து திரும்பும் ஒரு ரிசீவரால் அணியின் பாஸிங் ஆட்டமே மாறிவிடுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பாலில் நல்ல ரிசீவர் (எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஒருவர் ஒரு சீசன் முழுக்க முட்டிக் காயத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தால் அணியின் பாஸிங் உண்மையிலேயே மாறுமா, இல்லை அது ரசிகர்களின் ஆசை மட்டும்தானா?

மாறும், சந்தேகமே வேண்டாம். முதல் வாரமே மாறிவிடும் என்று டிவி முன்னால் உட்கார்ந்தால்தான் ஏமாந்துபோவீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் அணியிலும் யாரோ ஆபரேஷன் முடிந்து வரப்போகிறார், பக்கத்தில் ஒருவர் "ஒரே ஆளால என்ன ஆகிடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று தோன்றுகிறது. என் மனைவியின் தம்பியும் 2015 ஆகஸ்ட்டில் இதையேதான் என்னிடம் சொன்னான். "மாமா, பதினோரு பேர் ஆடுற ஆட்டம். ஒருத்தன் போனா இன்னொருத்தன் வரப்போறான். பந்து போடப்போறது ராட்ஜர்ஸ்தானே?" அப்போது அவன் படிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். நாங்கள் இருப்பது விஸ்கான்சினில். இங்கே கிரீன் பே பேக்கர்ஸ் அணி என்பது வீட்டு விஷயம். ராட்ஜர்ஸ் அப்போது அதன் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர். கிரீன் பே சின்ன ஊர், ஊர் ஜனத்தொகையே ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். அணி எந்தப் பணக்காரருக்கும் சொந்தமில்லை, ரசிகர்கள்தான் பங்குதாரர்கள். சீசன் டிக்கெட்டுக்குப் பெயர் எழுதிவைத்துவிட்டுப் பல வருஷம் காத்திருக்கிறவர்கள் என் ஆபீஸிலேயே இருக்கிறார்கள்.

அந்த ஆகஸ்ட்டில் பிட்ஸ்பர்க்கில் ஒரு பிரீசீசன் ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தக் கணக்கிலும் சேராத ஆட்டம். பேக்கர்ஸ் ரிசீவர் ஜோர்டி நெல்சன் எட்டு யார்டுக்கு ஒரு சின்ன பாஸைப் பிடித்தார், முன்னால் திரும்பப் பார்த்தார், யாரும் தொடாமலே கால் தடுமாறிக் கீழே விழுந்தார். வலது முட்டியில் ஏசிஎல் என்கிற நார் கிழிந்துபோய், அந்த சீசனே அவருக்கு முடிந்தது. எனக்கு டிவியில் அந்தக் கால் போன விதத்தைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நெல்சன் யாரென்று தெரியாதவர்களுக்கு. கன்சாஸில் விவசாயக் குடும்பத்துப் பையன். கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் கூட இல்லாமல் சேர்ந்து, ரிசீவராக மாறி, 2008 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்வது) இரண்டாவது சுற்றில் கிரீன் பேவுக்கு வந்தவர். 2011 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் இதே பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 9 கேட்ச், 140 யார்ட், ஒரு டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்). 2014-ல் 98 கேட்ச், 1,519 யார்ட், 13 டச்டவுன். அதே வருஷம் ஏரன் ராட்ஜர்ஸ் 38 டச்டவுன் போட்டு, வெறும் 5 இன்டர்செப்ஷனோடு (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து) சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கினார். ராட்ஜர்ஸ் எறிவார், நெல்சன் பிடிப்பார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது நெல்சனுக்குச் செய்கிற அநியாயம். அவர் பந்தைத் தொடாத ஆட்டங்களில்கூட அணிக்கு என்ன செய்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில்.

2015-ல் என்ன ஆயிற்று என்று பாருங்கள். முதல் ஆறு ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். மைத்துனன் தினமும் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிக் காட்டினான். அப்புறம் டென்வருக்குப் போனார்கள், ராட்ஜர்ஸ் ஆட்டம் முழுக்க எறிந்தது 77 யார்ட். எம்விபி வாங்கிய ஆள், 77! டென்வர் டிஃபென்ஸ் அந்த வருஷம் சூப்பர் பவுலே ஜெயித்த டிஃபென்ஸ், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன்பிறகு டெட்ராய்ட்டிடமும் சொந்த மைதானத்தில் தோற்றார்கள். 1991-க்குப் பிறகு டெட்ராய்ட் விஸ்கான்சினில் வந்து ஜெயித்ததே கிடையாது. இன்னொரு ரிசீவர் ராண்டல் காப் முந்தைய வருஷம் 1,287 யார்ட் எடுத்தவர், 829-க்கு இறங்கினார். மற்றொரு ரிசீவர் டவான்டே ஆடம்ஸ் கணுக்கால் காயத்தோடு தடுமாறி 483 யார்ட், ஒரே ஒரு டச்டவுன். ராட்ஜர்ஸ் ஒரு முறை பந்தை எறிந்தால் கிடைக்கிற சராசரி 8.4 யார்டிலிருந்து 6.7-க்கு விழுந்தது.

காரணம் எளிது. நெல்சன் வெளிக்கோட்டு ஓரத்தில் நின்றால் எதிரணியின் சேஃப்டி (கடைசி வரிசைத் தடுப்பாளன்) ஒருவன் பின்னால் தள்ளி, அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றே ஆக வேண்டும். ஒரு நொடி விட்டால் தலைக்கு மேல் போய்விடுவார். 2014-ல் ஜெட்ஸுக்கு எதிராக 80 யார்ட், பேட்ரியட்ஸுக்கு எதிராக ஹாஃப் முடிகிற நேரத்தில் 45 யார்ட் என்று போட்டுக் காட்டியிருந்தார். அந்த சேஃப்டி அங்கே போய்விட்டால் நடுவில் காப்புக்கு இடம் கிடைக்கும், ஓடுகிறவனுக்கும் முன்னால் ஒரு ஆள் குறையும். நெல்சன் இல்லாதபோது கார்னர்பேக்குகள் (ரிசீவரைக் காவல் காக்கும் ஓரத் தடுப்பாளர்கள்) ரிசீவர்களின் நெஞ்சோடு நெஞ்சாக வந்து நின்றார்கள், சேஃப்டி கீழே இறங்கினான், காப்பை இரண்டு பேர் கவனித்தார்கள். யாரும் திறந்து கிடைக்கவில்லை. ராட்ஜர்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று, பேக் ஷோல்டர் பாஸ். என் ஆபீஸில் ஒரு பெரியவர், கிரீன் பேயிலேயே பிறந்து வளர்ந்தவர், காபி மெஷின் பக்கத்தில் இரண்டு பேப்பர் கப்பை வைத்து எனக்கு இதை விளக்கினார். ரிசீவரும் கார்னரும் தோளோடு தோளாக நேரே ஓடுகிறார்கள். கார்னர் பந்து முன்னால் விழும் என்று ஓடுகிறான். குவாட்டர்பேக் பந்தை ரிசீவரின் பின்தோளுக்கு, கோட்டோரமாக, கொஞ்சம் குறைத்துப் போடுகிறார். ரிசீவர் ஓடுகிற ஓட்டத்தில் வெளிக்காலை ஊன்றி, சட்டென்று நின்று, உடம்பைத் திருப்பிப் பிடித்து, இரண்டு பாதமும் கோட்டுக்கு உள்ளே படும்படி விழ வேண்டும். பந்து கையை விட்டுக் கிளம்பும்போது ரிசீவர் இன்னும் திரும்பியிருக்கவே மாட்டார். திரும்புவார் என்ற நம்பிக்கையில் போடுகிற பந்து அது. வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடியவர்களுக்குத்தான் அது கைகூடும். புதிதாக வருகிறவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதைக் கொடுக்க முடியாது.

இப்போது வயிற்றைக் கலக்கியதற்கு வருகிறேன். நெல்சனுக்குச் சில வருஷம் முன்னால் எனக்கும் அதே ஏசிஎல் போயிற்று. மில்வாக்கி பக்கத்தில் சனிக்கிழமை சனிக்கிழமை நம் ஆட்கள் சேர்ந்து டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது காலை ஊன்றினேன், உள்ளே "டப்" என்று ஒரு சத்தம், முட்டி பக்கவாட்டில் விலகின மாதிரி இருந்தது. பக்கத்தில் ஈ காக்கை கிடையாது. ஆபரேஷன் செய்து சொந்தத் தசைநாரிலிருந்தே ஒரு துண்டு எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். இதைச் சொல்வது நெல்சனோடு என்னை ஒப்பிட அல்ல, அப்படி யாராவது கமெண்ட் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். முட்டிக்கு ஆள் யாரென்று தெரியாது. ஊன்றித் திரும்புகிற வேலைக்கு எந்த நார் காவல் இருக்கிறதோ, அந்த நார்தான் அறுந்தது, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

பிசியோதெரபியில் ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கும், ஒரு சாண் உயரம்கூட இருக்காது. எதிரே ஆளுயரக் கண்ணாடி. ஒற்றைக் காலில் பெட்டிமேல் நின்றுகொண்டு, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, திரும்ப ஏற வேண்டும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக்கூடாது, அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்யச் சொல்வார்கள். தொடை நடுங்கும். மாதங்கள் போன பிறகு மெஷின் டெஸ்ட்டில் இரண்டு காலின் பலமும் கிட்டத்தட்ட சமம் என்று வந்துவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டே திரும்ப வேண்டும் என்றால் உடம்பு தானாக ஒரு அடி கூடுதலாக வைக்கும். டாக்டர் பேப்பரில் கையெழுத்துப் போட்ட பிறகும் அந்தக் கூடுதல் அடி போக ரொம்ப நாள் ஆயிற்று. டிவியில் யாராவது "நூறு சதவீதம் குணமாகிவிட்டார்" என்று சொன்னால் நான் பார்ப்பது அந்த ஒரு அடியைத்தான்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. பாதி வழியில் என் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம்: இதற்குமேல் பிசியோதெரபி "மருத்துவ ரீதியாக அவசியமில்லை". முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் முடிவு செய்திருக்கிறார். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஒரு மாதம்கூட விட்டதில்லை. அப்பீல் போட்டேன், போனில் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் கைக்காசு போட்டுத்தான் முடித்தேன். பெரிய அணியில் ஆடுகிறவனுக்கு நாள் முழுக்க கூடவே ட்ரெய்னர் நிற்கிறார், மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனுக்கு முட்டி போனால் பத்து தடவைக்குள் குணமாகிவிட வேண்டும் என்கிறார்கள். என்ன நியாயம் இது? அமெரிக்காவில் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் பாலிசியில் பிசியோதெரபிக்கு எவ்வளவு என்று முதலில் படியுங்கள்.

சரி, 2016. நெல்சனுக்கு அப்போது 31 வயது. முதல் ஆட்டத்திலேயே ஒரு டச்டவுன் பிடித்தார், அன்று மொத்தம் 32 யார்ட்தான். இரண்டாவது வாரம் மினசோட்டாவிடம் 17-14 என்று தோல்வி. உடனே ஊரெல்லாம் "ஆள் முடிந்துவிட்டார், பழைய வேகம் இல்லை" என்று பேச்சு. வேகம் குறைந்திருந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. எனக்கு முதல் சில வாரம் அந்தக் கூடுதல் அடி கண்ணில் பட்டது. திரும்புகிற இடத்தில் பாதியில் கால் யோசிக்கும், பந்து ஒரு கை தள்ளிப் போய் விழும். நவம்பரில் வாஷிங்டனிடம் 42-24 தோற்று அணி 4 வெற்றி, 6 தோல்வி என்று நின்றது. அப்போதுதான் ராட்ஜர்ஸ் மீதி எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க முடியும் என்று நினைப்பதாகச் சொன்னார். ஆறையும் ஜெயித்தார்கள்.

அந்த ஆறில் எனக்குப் பிடித்தது டிசம்பரில் சிகாகோவில், உறைபனிக் குளிரில் நடந்தது. 27-10 என்று முன்னால் இருந்ததைக் கோட்டைவிட்டு 27-27 ஆகிவிட்டது, நிமிடம்கூட மிச்சமில்லை. ராட்ஜர்ஸ் மேலே தூக்கிப் போட்டார், நெல்சன் கார்னரைத் தாண்டி ஓடி 60 யார்ட், மேசன் கிராஸ்பி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடித்தார், 30-27. அன்று அந்தக் காலில் எந்த யோசனையும் இல்லை. அடுத்த வாரம் மினசோட்டாவுக்கு எதிராக 154 யார்ட், இரண்டு டச்டவுன். மைத்துனன் அதற்குள் வேலை கிடைத்து டெக்சாஸ் போய்விட்டான், ஆட்டம் முடிந்ததும் அவனே போன் செய்து "மாமா, சேஃப்டி எங்க நின்னான் பாத்தீங்களா?" என்றான்.

வருஷக் கடைசிக் கணக்கு: நெல்சன் 97 கேட்ச், 1,257 யார்ட், 14 டச்டவுன். அந்த சீசனில் மொத்த என்எஃப்எல் லீகிலேயே அதிக டச்டவுன் பிடித்தவர் அவர்தான். மீண்டு வந்து சாதித்தவருக்கான கம்பேக் ப்ளேயர் விருதும் அவருக்கே. ராட்ஜர்ஸ் 40 டச்டவுன். ஆடம்ஸ் 483-லிருந்து 997 யார்ட், ஒன்றிலிருந்து 12 டச்டவுன். நெல்சனின் சொந்தக் கணக்கைவிட ஆடம்ஸின் கணக்கைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், சேஃப்டி நெல்சன் பக்கம் சாய்ந்தால் இடம் கிடைப்பது ஆடம்ஸுக்குத்தானே. நெல்சனின் ஆட்டம் மாறித்தான் இருந்தது என்பதையும் கவனியுங்கள்: 2014-ல் ஒரு கேட்சுக்கு 15.5 யார்ட், 2016-ல் 13. தூரத்துப் பந்து குறைந்தது, ஓரத்தை விட்டு உள்பக்கம் ஸ்லாட் என்கிற இடத்தில் அதிகம் நிறுத்தினார்கள், கோல் கோட்டுப் பக்கத்தில் நெரிசலில் இடம் கண்டுபிடித்துப் பிடித்தார்.

"ஆடம்ஸ் கணுக்கால் சரியானதால் ஆடினார், நெல்சனால் இல்லை" என்று ஒரு கட்சி வரும். 2015-ல் குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையில் காயங்கள் இருந்தன, அடுத்து என்ன ஆடுவது என்று சொல்லும் வேலையே நடுவில் கை மாறியது, இதெல்லாம் எனக்கும் தெரியும். 2016-ல் ரன்னிங் பேக்காக, அதாவது பந்தோடு ஓடுகிறவராக இருந்த எடி லேசி காயத்தில் போய், ரிசீவராக இருந்த டை மான்ட்கமரியை 88-ம் நம்பர் சட்டையோடே ரன்னிங் பேக்காக நிறுத்தினார்கள், அதனால் பாஸ் கூடியது என்றும் சொல்லலாம். விலா எலும்பு உடைந்து நெல்சன் ஆடாத, டல்லாஸில் நடந்த ப்ளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டத்தையும் 34-31 என்று ஜெயித்தார்களே என்றும் கேட்பார்கள். கேளுங்கள். ஒரு ஆட்டத்தை ராட்ஜர்ஸ் தனியாக இழுத்துக்கொண்டு போவார். 2015-ல் ஒரு சீசனை அப்படி இழுக்க அவராலேயே முடியவில்லை.

ஆகவே உங்கள் ஆள் திரும்பி வரும்போது முதல் மாதம் யார்ட் கணக்கைப் பார்க்காதீர்கள். அவர் நிற்கும் பக்கம் சேஃப்டி சாய்கிறானா, மூன்றாவது டவுனில் (பத்து யார்ட் முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவது) குவாட்டர்பேக் முதலில் யாரைப் பார்க்கிறார், கோட்டோரம் காலை ஊன்றித் திரும்பும்போது தயக்கம் இருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஃபேன்டஸி லீகுக்காக (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டும் விளையாட்டு) கேட்கிறீர்கள் என்றால், டிராஃப்டில் அவருக்காக விலையை ஏற்றாதீர்கள், அதே அணியின் இரண்டாவது ரிசீவரைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காயத்திலிருந்து வந்தவரை முதல் நாலைந்து வாரத்தில் யாராவது சலித்துப்போய் விற்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.