கல்யாணத்தை நிறுத்துங்கள், தம்பியை டாக்டரிடம் காட்டுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்கிறான். அவள் அவனோடு பேசியதே இல்லை. ஆறு மாதமாக ராத்திரி முழுக்க 'குணா' படத்தையே போட்டுப் போட்டுப் பார்க்கிறான். வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை. (அவள் நீலத் துண்டு காயப்போட்டால் அது தனக்கான சைகை, அவளுடைய அண்ணன்தான் குறுக்கே நிற்கிறான் என்பான். மற்றபடி நல்ல பிள்ளை.) அந்தப் படம்தான் இவனைக் கெடுத்துவிட்டதா? தை மாதம் மாமா மகளைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா.
– ஓர் அக்கா

பதில்: நீலத் துண்டைப் போய் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே, சகோதரி! உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

ஒருதலையாகக் காதலிப்பவனுக்கு, அவள் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது தெரியும். அதனால்தான் அழுவான், தாடி வளர்ப்பான். உங்கள் தம்பிக்கு அது தெரியவில்லை. அவள் ஏற்கெனவே தன்னைக் காதலிக்கிறாள், துண்டு வழியாகச் சேதி அனுப்புகிறாள் என்று உறுதியாக நம்புகிறான். இதற்கு எரோட்டோமேனியா என்று பெயர். பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளெராம்போ 1921-லேயே விரிவாக எழுதிவைத்த நோய். நம்பிக்கை, அடுத்து ஏமாற்றம், அதற்கடுத்து வன்மம் என்று மூன்று கட்டங்களையும் அவர் சொன்னார். அந்தப் பெண் முகத்துக்கு நேரே முடியாது என்றாலும், "வீட்டுக்குப் பயந்து சொல்றா" என்றுதான் எடுத்துக்கொள்வான். குறுக்கே நிற்பதாக நினைக்கும் ஆள்மேல் கோபம் திரும்புவதும் உண்டு. அந்த ஆள் யார் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

படத்தின் மேல் பழி போடாதீர்கள். 1991 தீபாவளிக்கு வந்த படம். எத்தனையோ பேர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். அதில் எனக்கு ஒரு குறை உண்டு. கடத்தப்பட்ட பெண்ணே கடைசியில் கடத்தியவனை விரும்பத் தொடங்குவாள். உங்கள் தம்பி அதைத் தனக்கான சாட்சியாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நோயைக் கொடுத்தது படம் இல்லை. போனைப் பிடுங்கிவைப்பதைவிட, அவன் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று பாருங்கள். தூங்காமலே சுறுசுறுப்பாக இருக்கிறானா, சோர்ந்து கிடக்கிறானா? இருமுனைக் கோளாறா (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது), மனச்சிதைவா (ஸ்கிஸோஃப்ரினியா), வேறா என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு இது வேண்டும்.

இந்த வாரமே ஒரு தாளில் எழுதுங்கள்: மாற்றம் எந்த மாதம் தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, குளியல், வேலைக்குப் போகாத நாட்கள், குடி, கஞ்சா, குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் இருந்ததா, சாவைப் பற்றியோ அந்த அண்ணனை அடிப்பது பற்றியோ பேசினானா. அந்தத் தாளோடு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

துண்டைப் பற்றி அவனோடு வாதாடாதீர்கள், தலையாட்டவும் செய்யாதீர்கள். "எனக்கு அப்படித் தெரியலப்பா. ஆனா நீ தூங்காம கஷ்டப்படுறது தெரியுது. அதுக்குக் காட்டிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மாத்திரைகளில் ஒன்றை டாக்டர் எழுதலாம். தூக்கமும் படபடப்பும் முதலில் அடங்கும். அவள் காதலிக்கிறாள் என்ற அந்தத் தவறான நம்பிக்கை தளர வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். சிலருக்கு எடை கூடும், கை விறைக்கும், உட்கார முடியாமல் தவிப்பு வரும்; டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டிலேயே நிறுத்தும்போதுதான் நோய் திரும்புகிறது. ரசத்தில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் வேலையும் வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் மருந்து மட்டுமல்ல, உங்கள் கையால் சோறும் சாப்பிட மாட்டான்.

வரவே மறுத்தால்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-வது பிரிவில் வழி உண்டு. அவனுடைய நியமனப் பிரதிநிதி (அவன் சார்பில் செயல்படச் சட்டம் ஏற்கும் ஆள்) விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து அவசியம் என்றால், 30 நாள் வரை சேர்க்கலாம். கட்டிப்போடும் இடத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஏர்வாடியில் அப்படி ஓர் இடத்தில் 2001-ல் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கிடந்த 28 பேர் கருகிச் செத்தார்கள்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு. கல்யாணம் மருந்தா? கட்டிக்கொண்டு வரும் பெண் ராத்திரி அவன் பக்கத்தில் படுத்திருப்பாள், அவன் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருப்பான். உங்கள் கூடப்பிறந்தவர் மகளுக்கு இதைச் செய்ய உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? மகனைக் காப்பது உங்கள் கடமைதான். அதற்கு இன்னொரு வீட்டுப் பெண்ணைச் செலவழிக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

எதிர்வீட்டுக்கும் போங்கள். மானம் போய்விடும் என்று மறைக்காமல், அந்தப் பெண்ணிடமும் அவளுடைய அண்ணனிடமும், தம்பிக்கு உடம்பு சரியில்லை, ஜாக்கிரதையாக இருங்கள், பின்னால் வந்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் போலீசுக்குப் போனால் கோபப்படாதீர்கள், அது அவர்கள் உரிமை.

மாமா வீட்டுக்கு அம்மாவோடு நேரில் போங்கள், அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். நாள் சரியில்லை, ஜாதகம் சரியில்லை என்று பூசி மெழுகாமல், தம்பிக்கு வைத்தியம் தொடங்குகிறோம், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.