ஒரே முகம், பல வேஷம் (கடிதம்)

மேடம்,

பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். என் மகள் கல்லூரி பிராஜெக்டுக்காகத் தானே வேஷம் போட்டு, தன்னையே படம் எடுத்திருக்கிறாள். பெண் பார்க்கும் நாளில் காபித் தட்டோடு நிற்கிற பெண், சீரியல் மாமியார், ஏர்ஹோஸ்டஸ். மூன்றையும் இணைத்திருக்கிறேன். புஷ்பமாலா என்பவரின் படங்களைப் பார்த்துச் செய்தாளாம். 'பெண் என்றால் இப்படித்தான்' என்பதை எதிர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அதையே செய்து காட்டினால் எப்படி எதிர்ப்பாகும்? கொஞ்சம் செலவு பிடித்த செல்ஃபி, அவ்வளவுதானே?

ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

ஒரு படத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, வெறும் வேஷம்தான். வரிசையாக வைத்துப் பாருங்கள்.

புஷ்பமாலா உங்கள் ஊர்க்காரர், 1956இல் அங்கே பிறந்தவர், சிற்பம் படித்துவிட்டுப் பிறகு கேமராவுக்கு முன்னால் வந்தவர். பெங்களூரில் வாழும் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்கள் என்று ஒரு தொடர் செய்தார். அதில் அவரே ரவிவர்மாவின் லட்சுமி, அவரே வேளாங்கண்ணி மாதா, 1970களின் தமிழ்ப்பட ஸ்டில் ஒன்றில் சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதா, செய்தித்தாளில் வந்த, போலீசிடம் பிடிபட்ட பெண்ணும் அவரே. பூஜையறையில் மாட்டுகிற முகமும் ஸ்டேஷனில் நிறுத்துகிற முகமும் ஒன்றாக இருக்கும்போது, ஒன்றைக் கும்பிடவும் இன்னொன்றைச் சந்தேகப்படவும் நமக்குச் சொல்லிக்கொடுத்தது எது? புடவை, வெளிச்சம், பின்னால் தொங்குகிற வரைந்த திரை, இவ்வளவுதான். இது ஒற்றைப் படத்தில் தெரியாது, அதே முகம் திரும்பத் திரும்ப வரும்போதுதான் உறைக்கும்.

நியூயார்க்கின் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன், தானே வேஷம் போட்டு 1977–80இல் எடுத்த கறுப்பு வெள்ளைத் தொடர் வேறு வகை. சினிமா ஸ்டில் மாதிரியே இருக்கும், ஆனால் அப்படி ஒரு சினிமாவே கிடையாது. பார்க்கிறவர்களுக்கோ 'இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று தோன்றிவிடும், ஏனென்றால் பயந்த பெண், காத்திருக்கும் பெண் எல்லாரும் ஏற்கெனவே நம் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்தமான் மக்களைச் சதுரக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிற்க வைத்து, உடம்பை அளவெடுத்துப் படம் பிடித்தார்கள். அதையும் புஷ்பமாலா தன் உடம்பில் செய்து காட்டியிருக்கிறார். அந்தத் திரையின் கொடுமை இன்றைக்கு நமக்குப் புரிய அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்த இடத்தில் மனசு ஒப்பவில்லை. லட்சுமியும் சினிமா நாயகியும் நம் எல்லார் மேலும் போர்த்தப்பட்ட வேஷங்கள், யாரும் எடுத்துக் கலைத்துப் பார்க்கலாம். அந்தத் திரைக்கு முன்னால் நின்றவர்களால் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்கவே முடியாது, அது வேஷமே அல்ல.

இப்போது உங்கள் மகளின் படங்கள். ஏர்ஹோஸ்டஸ் எனக்குப் பலவீனமாகப் பட்டது, யூனிஃபார்ம் மட்டும்தான் இருக்கிறது, அந்த வேலையின் கட்டாயச் சிரிப்பு இல்லை. மாமியார் பரவாயில்லை. காபித் தட்டுப் படம் மிக நன்றாக வந்திருக்கிறது. தலை குனிந்திருக்கிறது, கண் மட்டும் மேலே வந்து யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறது. டம்ளர்களுக்குக் கீழே, தட்டை ஏந்திய வலது கையில் கேமரா ரிமோட்டின் முனை தெரிகிறது, கவனித்தீர்களா? ஷெர்மனின் சில படங்களிலும் கேமராவை இயக்கும் ஒயர் கண்ணில் படும். பார்க்கப்படுகிற பெண்ணின் கையில்தான் பட்டன் இருக்கிறது, செல்ஃபி என்று அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சமர்ப்பிக்கும் முன்னால் 'நீட்டாக' இருக்கட்டும் என்று அந்த ரிமோட்டை அவள் வெட்டிவிடப் போகிறாள், வெட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.